பூங்கொடியின் காது

வடவள்ளி ஃபிளாட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதமாகியும் ஒரே ஒரு அட்டைப்பெட்டி மட்டும் பிரிக்கப்படாமல் கிடந்தது. மற்ற சாமான்களெல்லாம் வந்த வாரத்திலேயே அதனதன் இடத்துக்குப் போய்விட்டன. இந்தப் பெட்டி மட்டும் ஹால் ஜன்னலுக்குக் கீழே, ஒரு பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஊரிலிருந்து வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி மாதிரி இருந்தது. வசந்தாமணி கேட்டுப்பார்த்தாள். அதில் பழைய ஸ்டீரியோ இருப்பதாகவும் வயரெல்லாம் போய்விட்டதாகவும் கிடக்கட்டும் என்றும் சென்னியப்பன் சொல்லிவிட்டார்.

வயர் போன பொருளைக் கண்டு பயப்படுகிறவள் இல்லை வசந்தாமணி. பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்தவள். முதல் கல்யாணம் ஒரு வருஷம்கூட நிலைக்காமல் அத்துக்கொண்டு வந்தபின், இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐம்பதை நெருங்கிய வயதில்தான் சென்னியப்பனைக் கட்டிக்கொண்டாள். அவர் நில அளவைத் துறையில் சர்வேயர். முதல் மனைவி பூங்கொடி நெஞ்சுவலியில் போய் அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் தாரணி, பொள்ளாச்சியில் பள்ளிக்கூட டீச்சர். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் பஸ் ஏறிப் போனவள்தான். கோபம் என்று சொல்ல முடியாது. அப்பாவிடம் போனில் பேசுவாள். வசந்தாமணியை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

சென்னியப்பன் நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு பழக்கம்தான் வசந்தாமணிக்கு ஒட்டவில்லை. எதைச் சொன்னாலும் எழுந்து வந்து, அவளுக்கு நேர் எதிரே நின்று, முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொல்வார். உப்பு கொஞ்சம் குறைச்சல் என்பதைக்கூட அப்படித்தான். கோவிலில், கடையில், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு என்ன காதா கேக்காது என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டாள். அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

உடுமலைப் பக்கம் அளவை வேலை என்று அவர் காலையிலேயே கிளம்பிப்போன ஒரு நாள், அவள் அந்தப் போர்வையை எடுத்தாள். மனுஷனுக்குப் பாட்டென்றால் உயிர். குளிக்கும்போது முணுமுணுப்பார், பைக் ஓட்டும்போது முணுமுணுப்பார். சாயங்காலம் வரும்போது வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள்.

பெட்டிக்குள் எல்லாம் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய நடுப்பெட்டி ஒன்று, இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள், மூன்று கால் வைத்த ஒரு சின்ன மைக். வயர் ஒன்றுகூடப் போகவில்லை. போகவில்லை என்பது மட்டுமல்ல, முனை முனையாகத் துடைத்து, சுருட்டி, நூல் கட்டி வைத்திருந்தது.

அவள் முதலில் இடம் பார்த்தாள். ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் சத்தம் குழம்பும் என்பது தெரியும். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, டிவி மேசையின் இரண்டு ஓரத்திலும் வைத்தாள். தாழ்வாக இருந்ததால், உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வரும்படி இரண்டின் அடியிலும் மரப்பலகை கொடுத்தாள். சோபாவை இழுத்து இரண்டுக்கும் சரிசமமான தூரத்துக்குக் கொண்டுவந்தாள். சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு என்று வயரை மாட்டி, மைக்கை சோபாவின் நடுவில் நிறுத்திவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

நடுப்பெட்டியில் ஒரு பச்சை வெளிச்சம் வந்தது. ஒரு பெண் குரல் நிதானமாகப் பேசியது.

“வணக்கம். இது புதிய இடம் என்று தெரிகிறது. இடத்தை அளக்க வேண்டும். பதிவில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்காரவும். சென்னியப்பன். பூங்கொடி. உட்காராதவரின் பதிவு நீக்கப்படும்.”

வசந்தாமணி கையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெயரை அந்த வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சென்னியப்பன் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. நடுப்பெட்டியின் சின்னத் திரையில் ‘இப்போது’ என்றும் ‘பிறகு’ என்றும் இருந்தது. பிறகு என்பதை அழுத்தினாள். இரண்டு பெயர்கள் மட்டும் திரையில் நின்றன.

சென்னியப்பன் பெயரைத் தொட்டாள். ஒரு பழைய சினிமாப் பாட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது, பாதியிலிருந்து ஆரம்பித்தது. அவர் குளிக்கும்போது முணுமுணுக்கும் பாட்டுதான். இதமாக இருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சும்மா இருக்க முடியாமல், அடுத்த பெயரைத் தொட்டாள்.

அதே பாட்டுதான். ஆனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காதைப் பொத்தினாள். தாளத்தின் ஜால்ரா ஊசி ஊசியாக வந்து இறங்கியது. பாடகி ‘ச’ என்று சொல்லும் இடமெல்லாம் கண்ணாடியில் ஆணியால் கீறுவது போலிருந்தது. அவசரமாக நிறுத்தினாள். மிஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள். பெட்டியின் அடியில் இருந்த சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டாள்.

எடுத்தது ஒரு இளம்பெண். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“அது ரிப்பேர் இல்லீங்க மேடம். வேற ஒருத்தர் உடம்புக்குத் தச்ச சட்டைய நீங்க போட்டுப் பாத்திருக்கீங்க, அவ்வளவுதான்.”

பிறகு விளக்கினாள். காது சத்தத்தை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லையாம். ஒரு சத்தம் உள்ளே போனால், மிக மிக மெல்லிய ஒரு பதில் சத்தத்தை அது வெளியே அனுப்புமாம். அந்தப் பதிலை இந்த மைக் பிடித்துக்கொள்ளும். எந்தச் சத்தத்துக்குப் பதில் வருகிறது, எதற்கு வரவில்லை என்று பார்த்து, அந்தக் காதுக்கு எது குறைகிறதோ அதைக் கூட்டி, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மட்டும் அனுப்பும். பக்கத்தில் இருப்பவருக்கு அவருக்கு வேண்டியது போகும். ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே பாட்டை இரண்டு பேரும் அவரவர் காதுக்குச் சரியாகக் கேட்கலாம்.

“அப்ப அந்தம்மாவுக்கு...” என்று வசந்தாமணி இழுத்தாள்.

“பதிவ இங்கிருந்து பாக்க முடியாதுங்க. ஆனா நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா, கீச்சுச் சத்தமெல்லாம் அவங்களுக்குக் கிட்டத்தட்டப் போயிருந்திருக்கோணும். அவங்க இல்லீங்களா இப்ப?”

“இல்ல.”

அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். புது இடத்தை அளக்க உயிருள்ள காதுதான் வேண்டும். அவருக்குப் பதிலாக வேறு யாரும் உட்கார முடியாது, கைரேகை மாதிரி மிஷின் கண்டுபிடித்துவிடும். அளக்கும்வரை பழைய பதிவு அப்படியே இருக்கும். அளந்தால் போய்விடும். “அவசரப்படாதீங்க மேடம். வீட்டுல எல்லார்கிட்டயும் பேசிட்டுப் பண்ணுங்க. இதுல நெறையக் குடும்பத்துல சண்டையே வந்திருக்குது.”

வசந்தாமணி போனை வைத்தாள். எழுந்து வந்து எதிரே நின்று உரக்கப் பேசும் மனிதர் கண்முன் வந்தார். இரண்டு வருஷமாக அவர் தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்திருந்தாள். வேறொருத்தியின் காதுக்குப் பழகிய வாய் அது. முதலில் சுருக்கென்று வலித்தது. கொஞ்ச நேரம் கழித்து, அப்படிப் பேசிப் பேசி வாயும் காலும் பழகிப்போகுமளவுக்கு ஒருவர் ஒருத்தியிடம் அன்பாக நடந்துகொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. வலி போகவில்லை. ஆனால் அது வேறு மாதிரியான வலியாக ஆனது.

சாயங்காலம் வந்த சென்னியப்பன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டிவி மேசையைப் பார்த்துவிட்டார். நேரே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள் வசந்தாமணி. அழிக்கவில்லை என்பதை முதலில் சொன்னாள். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

அதன்பிறகுதான் அவர் பேசினார். பூங்கொடிக்கு முப்பது வயதைத் தாண்டியதுமே காது மங்க ஆரம்பித்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வாள். மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்புவாள். அவருக்குத் திமிர் என்று தோன்றியது. மாமியார் வீட்டாரை மதிக்கவில்லை என்று அவருடைய அக்காமார் பேசினார்கள். அவரும் கத்தியிருக்கிறார், பல நாள் பேசாமலே இருந்திருக்கிறார். விஷயம் தெரிந்தபோது மகள் பள்ளிக்கூடம் முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். காதில் மாட்டும் மிஷின் வாங்கிக் கொடுத்தார். ஊர் பார்க்கும் என்று அவள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். கடைசியில் இந்த ஸ்டீரியோ வந்தது.

“இத வாங்கி வெச்ச அன்னிக்கு, அந்தப் பாட்டு முடிஞ்சதும் அவ என்னைப் பாத்து, ஏனுங்க இதுல இத்தன இருக்குதான்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.” காபி ஆறிக்கொண்டிருந்தது. “உன்னைக் கட்டிக்கிட்டப்ப இத யாருக்காச்சும் குடுத்தரலாம்னு நெனச்சேன். முடியல. எடுத்து வெச்சுக் கேக்கலாம்னா அதுவும் முடியல. உனக்கு அது மரியாத இல்லை.”

வசந்தாமணி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீயே அழிச்சுரு வசந்தா. நீ அழிச்சா என்னால தாங்கிக்க முடியும்” என்றார்.

அந்த நாட்களில் காதுப் பதிவைப் பற்றி எல்லா இடத்திலும் பேச்சாகத்தான் இருந்தது. அப்பாவின் காதைப் பங்கு கேட்டு அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். பெண் பார்க்க வரும்போதே காதுப் பதிவைக் காட்டச் சொல்கிறார்கள் என்று புரோக்கர்கள் சொன்னார்கள். இன்சூரன்ஸ்காரர்களும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதையெல்லாம் யாருடைய வீட்டுக் கதையோ என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது தன் வீட்டு ஹாலில் ஒரு செத்துப்போனவளின் காதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது போல உணர்ந்தாள்.

“நான் அழிக்க மாட்டனுங்க. நீங்களும் வேண்டாம். இது நம்மோடதா என்ன? தாரணிகிட்டக் கேக்கோணும்.”

அவளே போன் செய்தாள். அதுவரை அவள் தாரணிக்குத் தானாகப் போன் செய்ததில்லை. மறுமுனையில் குரல் ஜாக்கிரதையாக இருந்தது. சத்தமாகச் சொல்லுங்க, இங்க சிக்னல் சரியில்ல என்றாள் இரண்டு முறை. கடைசியில் விஷயம் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை தாரணி வந்தாள். அப்பாவின் உயரம், பூங்கொடியின் முகம். பழைய படங்களில் பார்த்திருந்ததால் வசந்தாமணிக்கு வாசலிலேயே ஒரு நிமிஷம் திக்கென்றது. புது வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், நல்லா இருக்குது என்றாள், ஸ்பீக்கர் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். வசந்தாமணி அடுக்களையிலிருந்தபடியே இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். தாரணி தலையைக்கூடத் தூக்கவில்லை. நம்மேல் இன்னும் மனக்கசப்புதான் என்று எண்ணிக்கொண்டு, வசந்தாமணி சட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பேச்சுவாக்கில் தாரணி வேலையை விட்டுவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். சென்னியப்பன் திடுக்கிட்டார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதென்றால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பைத்தியம். என்ன கண்ணு ஆச்சு என்று எதிரே குனிந்து கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்ப்பா. இப்பத்த பசங்க எல்லாம் வாய்க்குள்ளயே பேசுதுங்க. முன்ன மாதிரி எனக்குப் பொறும இல்ல.”

சாப்பிட்டு முடித்ததும் தாரணி ஒரு வேண்டுகோள் வைத்தாள். ஸ்டீரியோவைத் தனக்குக் கொடுத்துவிடுங்கள். பொள்ளாச்சியிலும் வேறு வீடுதான், அங்கும் அளக்கச் சொல்லும் என்று தெரியும். அளக்காமலே வைத்துக்கொள்கிறேன். தாராளமாக எடுத்துக்கொள் என்றாள் வசந்தாமணி. எடுத்துப்போவதற்கு முன்னால் இங்கேயே ஒருமுறை அம்மா மாதிரி கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள் தாரணி. அதைக் கேட்டதும் சென்னியப்பன் பால் வாங்கி வருகிறேன் என்று எழுந்தார். வீட்டில் பால் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். தாரணியின் விரல் அம்மாவின் பெயர்மேல் கொஞ்ச நேரம் நின்றது. வசந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானாள்.

பாட்டு ஆரம்பித்தது. அதே ஊசிகள். அறையை இன்னும் அளக்காததால் சத்தம் இரண்டு பேருக்கும் பொதுவாகவே வந்தது. வசந்தாமணி முந்தானையைச் சரிசெய்வது போல ஒரு காதை மூடிக்கொண்டு, பெண் அழப்போகிறாள், அல்லது இரைச்சல் தாங்காமல் நிறுத்தச் சொல்லப்போகிறாள் என்று பக்கத்தில் பார்த்தாள்.

தாரணி இரண்டும் செய்யவில்லை. முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் நெற்றியில் இருந்த ஒரு சுருக்கம் காணாமல் போயிருந்தது. வெகுதூரம் மூட்டை சுமந்து வந்தவர் இறக்கி வைத்த மாதிரி இருந்தது அந்த முகம்.

“இந்தப் பாட்டுல ஜால்ரா இருக்குதுங்களா?” என்று கேட்டாள், ஸ்பீக்கரிலிருந்து கண்ணை எடுக்காமல். “சின்ன வயசுல கேட்டது. நடுவுல அத எடுத்துட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

வசந்தாமணி காதிலிருந்து கையை எடுத்தாள்.

“எப்படி இருக்குது தாரணி? கஷ்டமா இல்லையா?”

“இல்லீங்க. ரொம்பத் தெளிவா இருக்குது. அம்மா இருக்கற மாதிரி இருக்குது, அதனாலயா என்னமோ.”

அப்படியே விட்டிருக்கலாம். அம்மாவின் நினைவில் மனசு குளிர்ந்தது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பாள். சொல்வதற்குத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றுதான் வசந்தாமணிக்கு முதலில் தோன்றியது. பெற்றவள் இல்லை, சித்தி என்றுகூட ஒருமுறை கூப்பிடப்படாதவள். ஆனால் சென்னியப்பன் சொன்ன அந்த வருஷங்கள் ஞாபகத்துக்கு வந்தன. திமிர் என்று பேர் வாங்கிக்கொண்டு ஒருத்தி வீட்டுக்குள் தனியாக இருந்த வருஷங்கள்.

அவள் எழுந்து திரையில் அப்பாவின் பெயரைத் தொட்டாள். “இப்ப?”

“இது மங்கலா இருக்குது. தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி.”

வசந்தாமணி பாட்டை நிறுத்திவிட்டு, தாரணிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்கு இதுதான் சரியாக் கேக்குது கண்ணு. அம்மாவோடதுல என்னால உக்காரவே முடியல, காது கூசுது. அது நல்லாக் கேக்கற காதுக்குப் பண்ணுனது இல்ல.”

தாரணி அவளையே பார்த்தாள். புரியாதவள் போலத்தான் முதலில் பார்த்தாள். பிறகு கண் அசையாமல் நின்றது.

“அம்மாவுக்கு நாப்பது வயசுகிட்டத்தான வந்துச்சு.”

“முப்பதுல ஆரம்பிச்சுதுன்னு உங்கப்பா சொன்னாரு.”

தாரணிக்கு அடுத்த ஆவணி வந்தால் முப்பது. அவள் கோபப்படுவாள் என்று வசந்தாமணி எதிர்பார்த்தாள். எழுந்துகூடப் போய்விடலாம். தாரணி கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். சில மாதங்களுக்கு முன்னால் வகுப்பில் ஒரு குட்டிப் பெண் மூக்கில் ரத்தம் வருகிறது என்று அவளுக்குப் பின்னால் நின்று பலமுறை கூப்பிட்டிருக்கிறது. இவள் போர்டில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். பக்கத்து வகுப்பு டீச்சர்தான் ஓடிவந்து பார்த்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிள்ளைகள்மேல் உங்களுக்கு அக்கறை போய்விட்டது என்று தலைமை ஆசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். எனக்கு மனசு கெட்டிப்போச்சு, புள்ளைங்க மேல பாசமே இல்லாமப் போச்சுன்னு. டெய்லி ராத்திரி அதையேதான் நெனப்பேன்.” அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “அப்ப அது இல்லீங்களா? எனக்குக் கேக்கலியா, அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் கண்ணு.”

காது போகிறது என்ற செய்தியைக் கேட்டு ஒருத்தி நிம்மதியில் அழுவதை வசந்தாமணி அதற்குமுன் பார்த்ததில்லை. அவளைத் தன் பக்கத்தில் தரைக்கு இறக்கி, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தப் பெண்ணும் சாய்ந்துகொண்டாள்.

கொஞ்சம் தெளிந்ததும் பயம் வந்தது. அப்பாகிட்டச் சொல்லாதீங்க, அவர் தாங்க மாட்டார் என்றாள். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் காதுப் பதிவைக் கேட்பார்கள் என்றாள். வசந்தாமணி தான் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று உறுதி கொடுத்தாள்.

“ஆனா நீ சொல்லோணும். உங்கம்மா சொல்லாம வெச்சிருந்ததுலதான் அவரு இன்னும் வெந்துட்டிருக்காரு.”

சென்னியப்பன் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தபோது இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தாரணி எழுந்து போய் அவர் எதிரே நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவர் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே கேட்டார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எத்தனை நாளா, வலி இருக்குதா, டாக்டர்கிட்டப் போகலாமா என்று வழக்கம்போல ஒவ்வொரு சொல்லாக, நேர் எதிரே நின்று, உரக்கக் கேட்டார். மகள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு கேள்வியையும் அவர் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வசந்தாமணிக்கு, இந்த மனிதரின் குரல் இனி ஒருநாளும் தன்னை உறுத்தாது என்று தெரிந்தது.

ஸ்டீரியோவை ஊருக்கு எடுத்துப்போவதில்லை என்று தாரணி சொல்லிவிட்டாள். இங்கேயே அளந்துவிடலாம், என் காதுக்குப் பண்ணிக் கொடுங்கள், சனிக்கிழமை சனிக்கிழமை வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றாள். அம்மாவின் பதிவு போய்விடுமே என்று சென்னியப்பன் தயங்கினார். போகட்டும், அது என்ன காது என்று இப்போது தெரிந்துவிட்டதே என்றாள் மகள். அவளே ‘இப்போது’ என்பதை அழுத்தினாள்.

முதலில் சென்னியப்பன் உட்கார்ந்தார். மெல்லிய டிக் டிக் என்ற சத்தம் வந்தது, பிறகு ஒரு சின்னக் காற்று போன்ற இரைச்சல். சென்னியப்பன், பதிவு முடிந்தது என்றது குரல். அடுத்தவர் உட்காரலாம் என்றது. தாரணி உட்கார்ந்தாள். மைக் அவள் காது உயரத்துக்குச் சரியாக வர வசந்தாமணி அதன் மூன்று காலையும் உயர்த்தி வைத்தாள். டிக் டிக் சத்தம் கேட்டது. தாரணிக்கு அதில் பாதி கேட்டிருக்காது. இந்த முறை மிஷின் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. புதுப் பெயரைக் கேட்கும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

“பதிவு பொருந்துகிறது. வெகுநாள் கழித்து வந்திருக்கிறீர்கள், பூங்கொடி. இந்த இடத்தில் சரியாகக் கேட்கிறதா?”

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாரணி அவர் முதுகைப் பார்த்தாள், வசந்தாமணியைப் பார்த்தாள். குரல் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது.

“கேக்குது” என்றாள் தாரணி. “நல்லாக் கேக்குது.”

மூன்றாவதாக வசந்தாமணியை உட்காரச் சொன்னது தாரணிதான். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை மூன்று பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டார்கள். வசந்தாமணிக்கு ஒரு ஊசியும் குத்தவில்லை.

தாய்க்கும் மகளுக்கும் உள்காதில் ஒரே இடத்தில், ஒரே மாதிரி தேய்ந்திருப்பதால் மிஷின் தாயென்று நினைத்துவிட்டது, பரம்பரையாக வருவதுதான் என்று அடுத்த வாரம் தாரணியைப் பார்த்த காது டாக்டர் சொன்னார். சரியாக்க வழியில்லை, ஆனால் மெதுவாகத்தான் போகும் என்றார். தாரணி காதில் மாட்டும் மிஷினை வாங்கினாள். அதை மாட்டிக்கொண்டு, முடியை ஒதுக்கிக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். எனக்கு முன்னால் வந்து நின்று பேசுங்கள் என்று பிள்ளைகளிடம் அவளே சொன்னாள். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, எல்லா டீச்சர்களுக்கும் முன்னால் போய் நிற்க ஆரம்பித்தார்கள். தலைமை ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

மிஷினில் பெயரை மாற்றுவது பெரிய வேலையில்லை. சர்வீஸுக்கு ஒரு போன் செய்தால் அந்த இளம்பெண்ணே அங்கிருந்தபடி மாற்றிக் கொடுத்துவிடுவாள். வசந்தாமணிக்கு அது தெரியும். நம்பர் இன்னும் அவள் போனில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் தாரணி வந்து சோபாவில் உட்காரும்போதெல்லாம், வாருங்கள் பூங்கொடி என்கிறது அது. வந்துட்டேன் என்கிறாள் அவள். அடுக்களையில் பஜ்ஜி போட்டுக்கொண்டே வசந்தாமணி அதைக் கேட்பாள். இதுவரை யாரும் அந்த நம்பருக்குப் போன் செய்யவில்லை.